பல்செட்காரரின் எருமை

மல்லாந்து படுத்துக்கொண்டுதான் அவர் கருத்துச் சொல்வார். சனிக்கிழமை பதினோரு மணிக்கு விற்பனைக்கூடத்தின் பளபளப்பான தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, புது வண்டியின் வயிற்றுக்கடியில் நுழைந்துவிடுவார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரியும். "இங்க பாரும்மா, அடியில தகடு போட்டு மூடி வெச்சிருக்கான். மூடினாலே எதையோ மறைக்கறான்னுதான் அர்த்தம்" என்று உள்ளிருந்து குரல் வரும். விற்பனைப் பெண் குனிந்து, "சார், தலை பத்திரம்" என்பாள். பதினோரு மாதமாக இருவருக்கும் இதே பேச்சு. இவர் வாங்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் இவர் வராத வாரம் அவளுக்கு என்னவோ போலிருக்கும்.

வண்டிக்குக் கம்பெனி வைத்த பெயர் வேறு. கறுப்பாக, சதுரமாக, சேற்றைக் கண்டால் குஷியாகிவிடுவதால், ஓட்டினவர்கள் அதற்கு எருமை என்று பெயர் வைத்தார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் தயாரிப்பை நிறுத்திய கம்பெனி, போன வருஷம் அதே முகத்தோடு புது எருமையை இறக்கிவிட்டது. அன்றிலிருந்து, நானூறு பேர் இருக்கிற 'எருமைக் கூட்டம்' என்கிற கைபேசிக் குழு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பழைய எருமைக்காரர்களுக்கு இவர்தான் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. நீளமாக எழுதுகிறவர் இவர் ஒருவர்தான்.

தொழில், பல்செட் செய்வது. வீட்டு முன்னறையில் பிளாஸ்டர் மாவும் மெழுகும் சின்ன விளக்குமாக ஒரு பட்டறை. பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்ப, இவர் பல்வரிசை கட்டிக் கொடுப்பார். ஊருக்கெல்லாம் பொய்ப்பல் கட்டுகிற மனுஷருக்கு, வண்டியில் மட்டும் எல்லாம் மெய்யாக இருந்தாக வேண்டும். பல் கடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற நீலத்தாளைப் புது எருமையின் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, திறந்து பார்த்து, "மேல் தாடை ஒரு நூல் தள்ளி நிக்குது" என்று குழுவில் எழுதினார். கடைசியில் ஒரே வரியில் தீர்ப்பு: "பொய்ப்பல்லுப்பா இது. சிரிக்கலாம், கடிக்க முடியாது."

அவருடைய எருமைக்கு இருபத்தொன்பது வயது. "ஒரு ஆணி மாறினாலும் வம்சம் மாறிடும்" என்பார். மாற்றியதும் இல்லை. குழுவில் ஒரு வாத்தியார், கூடுதல் விளக்கு மாட்ட வண்டியில் துளை போட்டுப் படம் அனுப்பியபோது, "உங்க மண்டையில போட்டுக்கங்க ஓட்டைய" என்று எழுதிவிட்டார். வாத்தியார் கோபித்துக்கொண்டு குழுவைவிட்டு வெளியேறினார். நாலாம் நாள் இவரே கூப்பிட்டு, "வாயில சனி வாத்தியாரே, மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க இல்லாம குழு சப்புனு கிடக்கு" என்று தாஜா பண்ணிச் சேர்த்துவிட்டார். துளையை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் மனைவியும் எருமையில் கிளம்பிவிடுவார்கள். தார் ரோடு முடிகிற இடத்தில்தான் அவர்கள் பயணம் தொடங்கும். மேடு, பள்ளம், ஓடைக்கல். வழி சொல்வது அந்த அம்மாள். தபால் நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் என்பதால், எந்தத் தடம் எங்கே போய்ச் சேரும் என்பதில் அவருக்குத் தடுமாற்றமே கிடையாது. எட்டு மாதத்துக்கு முன் அந்த அம்மாளுக்கு இடுப்பு மூட்டை மாற்றினார்கள். அதற்குப் பிறகு எருமை ஏறவிடவில்லை. அதன் தரை, ஆள் இடுப்பளவு உயரம். கால் வைக்கப் படியில்லை, பிடித்து ஏறக் கைப்பிடியில்லை. இரண்டு தரம் முயன்றார். இரண்டாம் தரம் வழுக்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவர் சிரித்தார். இவரால் சிரிக்க முடியவில்லை.

பிறகு ஞாயிறு வந்தால், "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு வேலை கிடக்கு" என்பார் அந்த அம்மாள். வேலை ஒன்றும் கிடக்காது. இவரும் கிளம்பி, தார் ரோட்டின் கடைசிவரை போய், அரைமணியில் திரும்பிவிடுவார். கேட்டால், டயரில் காற்று குறைவு என்பார். பக்கத்து இருக்கையில் ஒரு துணிப்பைகூட வைக்கமாட்டார். மனைவி இல்லாமல் அவருக்கு அந்த வண்டி பிடிக்கவில்லை. இதை நானூறு பேரிடமும் சொல்ல முடியாது.

போன சனிக்கிழமை மனைவியையும் அழைத்துக்கொண்டு விற்பனைக்கூடம் போனார். அன்று தரையில் படுக்கவில்லை. விற்பனைப் பெண் பொத்தானை அழுத்தினாள். கதவடியிலிருந்து ஒரு படி நழுவி வந்து நின்றது. அந்த அம்மாள் கைப்பிடியைப் பிடித்து, ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இவர் மறுபக்கம் ஏறினார்.

"ஏற சுலபமா இருக்குல்ல?"

"சுலபமாத்தான் இருக்கு." அந்த அம்மாள் இரண்டு இருக்கைக்கும் நடுவில் இருந்த அகலமான பெட்டியைத் தட்டினார். "இதென்ன, நடுவுல ஒரு மதில்?"

"சாமான் வெச்சுக்கலாம். டம்ளர் வைக்கக்கூட இடம் இருக்கு பாரு."

"நீங்க அடுத்த ஊர்ல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. நம்ம வண்டியில ரெண்டாவது கியர் போடறப்ப உங்க கை என் முட்டியில இடிக்கும்."

"இடிக்கக் கூடாதுன்னுதான் இப்படிப் பண்ணியிருக்கான்."

"யாரு கேட்டா அவன?"

விற்பனைப் பெண் சட்டென்று கண்ணாடிக்கு வெளியே எதையோ பார்க்க ஆரம்பித்தாள். அந்த அம்மாளின் பார்வை, கணவர் மடியிலிருந்த பிளாஸ்டிக் உறைக்குப் போனது. உள்ளே பழைய எருமையின் பதிவுப் புத்தகம் இருந்தது.

"இத எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

"அதக் குடுத்துட்டு இத எடுத்துக்கலாம்னு…"

"பதினோரு மாசமா பொய்ப்பல்லுன்னு திட்டிட்டா?"

"நீ வரணும்ல" என்றார்.

அதைவிட நீளமாக அவர் அன்பு பேசி யாரும் கேட்டதில்லை. அந்த அம்மாள் படியில் கால் வைத்து இறங்கி, "வீட்டுக்குப் போலாம்" என்றார்.

வீட்டு வாசலில், பழைய எருமைக்கு முன்னால் நின்று பேச்சு தொடர்ந்தது. "எனக்கு ஒரு படி வேணும், ஒரு கைப்பிடி வேணும். அவ்வளவுதான். அதுக்குப் போய் வண்டிய மாத்துவாங்களா?"

"படி மாட்டிடலாம், அடிச்சட்டத்துல ஏற்கெனவே துளை இருக்கு. கைப்பிடிக்குக் கதவோரத் தூண்ல புதுசா ஓட்ட போடணும்."

"போடுங்க."

அவர் தூணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எரும மேல மழ பெஞ்ச மாதிரி நின்னா எப்படி? என் எலும்ப அறுத்து இரும்பு வைக்கறதுக்குக் கையெழுத்துப் போட்டது நீங்கதான? இப்ப நானும்தான் ஒரிஜினல் இல்ல. தள்ளியா வெச்சுட்டீங்க?"

அவர் உள்ளே போய் விளக்கைப் பற்றவைத்து, மெழுகை இளக்க ஆரம்பித்தார். ஓர் இரும்புக் கம்பியில் அதைச் சுற்றிக்கொண்டு வந்து மனைவியிடம் நீட்டினார். "நல்லா இறுக்கிப் புடி." நான்கு விரலும் பெருவிரலும் அச்சாக விழுந்தன. பல்செட்டுக்கு ஈறு செய்கிற அதே பொருளில் அந்த அச்சை வார்த்தெடுத்தார். கறுப்பு எருமைக்கு இளஞ்சிவப்பில் ஒரு கைப்பிடி. வேறு எவராவது இப்படிச் செய்து குழுவில் படம் போட்டிருந்தால், இவர் எழுதியிருக்கக்கூடியதை நினைத்துப் பார்க்கவே பயமாயிருக்கிறது.

அன்று மாலை அவர் குழுவில் எழுதியது மூன்றே வரி. "புதுசு நல்ல வண்டி. திட்டினதுல பாதிய வாபஸ் வாங்கிக்கறேன். நான் எடுக்கல." ஏன், என்ன ஆச்சு என்று கேள்விகள் குவிந்தன. தலைவர் அதற்குள் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை, புதிதாக மாட்டிய படியில் மனைவியை ஒரு காலை வைக்கச் சொல்லி, அவர் கையைப் பிடித்துக் கதவோரத் தூணில் வைத்தார். கொஞ்சம் மேலே நகர்த்தினார். "இழுக்குதா?"

"லேசா."

கொஞ்சம் கீழே. "இப்ப?"

"இங்க சரியா இருக்கு."

அந்த உள்ளங்கைக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்தார். கையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். தூணை ஒரு தரம் தடவிக் கொடுத்தார். பிறகு, மேல் புள்ளியில் டிரில்லின் முனையை வைத்து, அழுத்தினார்.