அண்ணன் விழுங்கிய பச்சை மாத்திரை

கண்ணாடிபோலப் பளபளக்கும் பச்சை நிற வைட்டமின் ஈ மாத்திரையை எந்த மருந்துக்கடையில் பார்த்தாலும் எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும். அதைப் பற்றி அண்ணனிடம் அளந்துவிட்டவள் நான்தான்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. அண்ணன் பழனி சாலையில் காராச்சேவுக் கடை வைத்திருந்தார். இன்று காய்ந்த எண்ணெயை நாளைக்குச் சட்டியில் ஊற்றமாட்டார். புது டின்னைத் திறந்ததும் மோந்து பார்த்து, எண்ணெய் கெட்டதற்கான சிக்கு வாடை லேசாக அடித்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அவருக்கு ரத்தத்தில் கொழுப்பு கூடியிருந்தது என் பரிசோதனையில்தான் தெரிந்தது. டாக்டர் அதைக் குறைக்க ஒரு வெள்ளை மாத்திரையும், அந்தக் கால வழக்கப்படி கூடவே இந்தப் பச்சையும் எழுதினார்.

"வெள்ளை சரி, இது எதுக்கு பாப்பா?" என்று அண்ணன் கேட்டார். படித்த பெருமை எனக்கு. "ரத்தத்துல கொழுப்பு பொடிப்பொடி உருண்டையா ஓடுதுண்ணே. ஆக்சிஜன் பட்டு அது கெட்டுப்போனா ரத்தக்குழாய்ச் சுவத்துல அப்பிக்கிடும். இந்த வைட்டமின் உருண்டைக்குள்ளயே உக்காந்து, கெடுதலத் தான் வாங்கிக்கிட்டு கொழுப்பக் காப்பாத்தும்" என்றேன்.

"எண்ணெய்க்குச் சிக்கு வாடை வராமப் பாத்துக்கிடுது. அம்புட்டுத்தான?" என்றார். நானும் தலையாட்டினேன்.

சில மாதங்கள் கழித்து, மாடிப்படி ஏறினால் அவருக்கு நெஞ்சை அடைக்கிறது என்று மதினி போன் செய்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தேன். கொழுப்பு முன்னைவிடக் கூடியிருந்தது. விசாரித்தால், வெள்ளை மாத்திரையை நான் விளக்கம் சொன்ன அன்றைக்கே நிறுத்திவிட்டாராம். கெடாத எண்ணெய் எவ்வளவு இருந்தால் என்ன என்பது அவர் நியாயம். பச்சையை மட்டும் ஒரு வேளை தவறாமல் விழுங்கியிருக்கிறார்.

மதுரையில் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். வெளியே மதினி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நான் குமைந்துகொண்டிருந்தேன். கடைசியில் டாக்டர் வந்தார்.

"பெரிய அடைப்பு எதுவும் இல்ல. லேசாப் படிஞ்சிருக்கு, அவ்வளவுதான். வெள்ளை மாத்திரைய நிறுத்தவே கூடாது. பச்சை வேண்டாம். அது கொழுப்பக் கெடாமப் பாத்துக்கிறது சோதனைக்கூடத்துல தெரியுது, ஆனா மாரடைப்பத் தடுக்குதுன்னு சொல்ல முடியல" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதுவிட்டேன்.

உள்ளே போய், "எல்லாம் என்னாலதாண்ணே" என்றேன். அண்ணன் படுத்தபடியே என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னதுல தப்பில்ல பாப்பா. எண்ணெய் கெட்டுச்சா கெடலயான்னு பாத்தேன். சட்டி வழியிறத நான் பாக்கல" என்றார்.

இப்போது பேரப்பிள்ளைகளை அவரே ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்தில் விட்டுவருகிறார். வெள்ளை மாத்திரை ஒரு நாளும் தவறுவதில்லை. எந்த மாத்திரை எதற்கு என்று என்னிடம் மட்டும் கேட்பதில்லை, நேரே டாக்டரிடம் போய்விடுகிறார். எனக்கு அதில் நிம்மதிதான்.