அவுட் ஆகத் தெரியாத ஐயனார்

ஐயனார் மட்டை பிடிக்க இறங்கினால் வடக்குப்பட்டு டீக்கடையில் வியாபாரம் சூடு பிடிக்கும். பந்து வீசுகிறவன், கீப்பர், எதிர்முனையில் மாட்டிக்கொண்ட ஒருவன், இந்த மூன்று பேரைத் தவிர மைதானமே பஜ்ஜி தின்னக் கிளம்பிவிடும். ஃபீல்டர்களும்தான். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தால் இரண்டு ஓவர் போயிருக்கும், ஐயனார் இரண்டு ரன் எடுத்திருப்பான். அந்த இரண்டும் பந்து தானாக மட்டையில் பட்டு நழுவிய வகையாக இருக்கும்.

அவனுக்கு வயது இருபத்தெட்டு. சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். ஒரகடத்தில், கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில் நாலு வருஷமாகக் கான்ட்ராக்ட் ஆள். லைனில் ஒரு பட்டையை ஒட்ட நாற்பத்திரண்டு வினாடி என்று கணக்கு. மற்றவர்கள் முப்பத்தெட்டில் முடித்துவிட்டு நாலு வினாடி உலகத்தைப் பார்ப்பார்கள். ஐயனார் நாற்பத்திரண்டையும் பட்டைக்கே கொடுப்பான். அவன் ஒட்டியது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. திரும்பி வந்தால் அல்லவா பெயர் தெரியும்? சூப்பர்வைசருக்கு அவன் பெயரைக் கற்றுக்கொள்ள ஒன்றரை வருஷம் ஆயிற்று.

கம்பெனி டீமில் அவன் இருந்ததற்கு ஒரே காரணம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினொரு பேர் தேறுவது கஷ்டம். நைட் ஷிப்ட் முடித்தவன் எவனும் எழுந்திருக்க மாட்டான். ஐயனார் மட்டும் ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி, ரூமுக்குப் போகாமல் நேராக மைதானத்துக்கு வந்து நிற்பான். கேப்டன் பிரவீன் வடக்குப்பட்டுக்காரன், அந்த மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அடித்தால் பந்து ஏரிக்குள் போய் விழும், இல்லாவிட்டால் அவனே அவுட். நடுவில் எதுவும் கிடையாது.

"நீ ஆடறத பாத்தா எனக்கு பல்லு வலிக்குது மச்சான்," என்பான் பிரவீன். "செக்யூரிட்டி வேலைக்கு போயிருக்கணும் நீ. குச்சிக்கு காவல் நிக்கறதுக்கு எதுக்குடா பேட்டு?"

"விழக்கூடாதுல்லாண்ணே," என்பான் ஐயனார்.

"விழுந்தா இன்னா? உன் வூட்டு சொத்தா அது?"

பேச்சிலும் அவனுக்கு அடிக்கத் தெரியாது. வருகிறதை வாங்கி, சத்தமில்லாமல் காலடியில் வைத்துக்கொள்வான்.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நீலக் கயிறு. அந்தக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளின் அடையாள அட்டை பச்சைக் கயிற்றில் தொங்கும். பெர்மனென்ட் ஆனவனுக்கு நீலம். அவன் கட்டிக்கொள்ள நினைத்திருந்த சுகப்பிரியாவின் அப்பா சண்முகசுந்தரம் கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டே இந்த வண்ண சாஸ்திரத்தைக் கற்று வைத்திருந்தார், அவருடைய பக்கத்து வீட்டுப் பையனும் அதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறான். சுகப்பிரியா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனி ஒன்றின் ஹாஸ்டலில் இருக்கிறாள். அவள் காட்டிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "கழுத்துல பச்சைல்லா கெடக்கு?" நீலம் வந்தால் பேசலாம், அதுவும் இந்தத் தைக்குள் வந்தால், என்று சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில்தான் வெண்டார் மேட்ச் வந்து சேர்ந்தது.

அது வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் வைபவம். கார் செய்கிற பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் ஒரு பக்கம், அவர்களுக்குச் சாமான் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனி இன்னொரு பக்கம். பேனர், டி-ஷர்ட், பிரியாணி எல்லாம் உண்டு. சின்னக் கம்பெனி தோற்க வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒரு வருஷம் வேறொரு சின்னக் கம்பெனி மறதியாக ஜெயித்துவிட்டது. அடுத்த ஆறு மாசம் அவர்கள் அனுப்பிய பெட்டியெல்லாம் ஏதாவது ஒரு கீறல் காரணமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் மறப்பதில்லை. சும்மா தோற்றாலும் போதாது. போராடித் தோற்க வேண்டும். பர்ச்சேஸ் தலைவர் ரகுபதி சாருக்கு மூன்று விக்கெட் விழ வேண்டும்.

இதையெல்லாம் திட்டமிடுவது ஹெச்.ஆர். புருஷோத்தமன். மேட்சுக்கு இரண்டு நாள் முன்னால் பிரவீனை அறைக்குக் கூப்பிட்டு, யார் யார் எப்போது சாக வேண்டும் என்று ஒதுக்கீடு செய்தார். நாலாவது ஓவரில் பிரவீன், லாங் ஆனில் கேட்ச். எட்டாவது ஓவரில் வேல்ராஜ், போல்ட். கடைசி ஓவரில் ஐயனார்.

"ஐயனார்கிட்ட சொல்லிடட்டா சார்?" என்றான் பிரவீன்.

"அவன்கிட்ட எதுக்கு? அவன் என்ன பெரிய பேட்ஸ்மேனா? நேரா போட்டாலே போயிடுவான்."

பிரவீனும் தலையாட்டினான். இரண்டு வருஷத்தில் ஐயனார் ஒரு முறைகூட அவுட் ஆகவில்லை என்பது கேப்டனுக்கே தெரியாது. எப்படித் தெரியும்? அவன் கையில் பஜ்ஜி இருந்திருக்கும்.

ஐயனாரைத் தனியாகக் கூப்பிட்டுப் புருஷோத்தமன் சொன்னது இவ்வளவுதான்: "பெர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேர் இருக்கு. சண்டே எப்பவும் ஆடற மாதிரியே ஆடு." பாவம், அதைக் கேட்டு அவன் கண் கலங்கிவிட்டது. கடைசியில் ஒருவர் தன் ஆட்டத்தைக் கவனித்திருக்கிறார் என்று சுகப்பிரியாவுக்குப் போன் செய்தான். சனிக்கிழமை வல்லக்கோட்டைக்குப் போய் முருகனுக்கு அர்ச்சனை செய்தான். அவுட் ஆகிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டான்.

முருகன் கொடுத்தார்.

ரகுபதி சார் ஓடி வருவது பார்க்க நன்றாக இருக்கும். ஐம்பத்து மூன்று வயதில் இருபது அடி தூரத்திலிருந்து மூச்சு வாங்க ஓடி வந்து, அந்த வேகத்தையெல்லாம் கோட்டருகே இறக்கி வைத்துவிட்டு, பந்தை மட்டும் தனியாக அனுப்புவார். பிரவீன் சொன்னபடி நாலாவது ஓவரில் கேட்ச் கொடுத்தான். கொடுத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டது கூடுதல் கைவேலை. வேல்ராஜும் முறைப்படி விழுந்தான். கடைசி ஓவர் தொடங்கியபோது தோல்வி நிச்சயம், சாருக்கு இன்னும் ஒரு விக்கெட் பாக்கி.

முதல் பந்தை ஐயனார் முன்காலை நீட்டித் தடுத்தான். "செம லைன் சார்," என்று பர்ச்சேஸ்காரர்கள் கை தட்டினார்கள். இரண்டாவதையும் தடுத்தான். "ஆட முடியல சார் அவனால." மூன்றாவதுக்குச் சார் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

தடுத்தே ஆடுகிறவன் மந்தமானவனா, மதிக்கத் தெரியாமல் நாம்தான் விட்டுவிட்டோமா என்று சண்டை போடுகிறவர்கள் இந்த மூன்று பந்தையும் பார்த்திருக்க வேண்டும். மந்தம்தான், மறுக்கவே முடியாது. ஆனால் அந்த மூன்று பந்தில் ரகுபதி சார் பந்துவீச்சாளர் ஆகிவிட்டார். தடுக்கப்பட்ட பந்து எப்படிப்பட்ட பந்து என்று யாராலும் சொல்ல முடியாது. அது நல்ல பந்தாகவும் இருக்கலாம்.

புருஷோத்தமனுக்கு இந்த நுட்பமெல்லாம் புரியவில்லை. பிரவீன் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து விரட்டினார்.

"டேய், அவுட் ஆவுடா," என்றான் பிரவீன், மூடியைத் திறந்துகொண்டே.

"எப்படிண்ணே?"

"இன்னா எப்படி? பேட்டை தூக்கு, நவுந்து நில்லு. பால் குச்சியில போய் படும்."

"சார் எப்பவும் ஆடுற மாதிரி ஆடச் சொன்னாரே. பெர்மனென்ட்டு?"

"அவுட் ஆனாதான்டா பெர்மனென்ட்டு. அவருக்கு மூணு விக்கெட் வேணும், நீதான் மூணாவது. தண்ணி குடி."

ஐயனார் தண்ணீரைக் குடித்தான். நாலாவது பந்துக்கு மட்டையைத் தூக்கிக்கொண்டான். பந்து ஸ்டம்புக்கு வெளியே ஒரு முழம் தள்ளிப் போயிற்று.

ஐந்தாவது பந்துக்குக் காலையும் நகர்த்தி, மூன்று குச்சியையும் கல்யாண மண்டப வாசல் மாதிரி திறந்து காட்டினான். பந்து மறுபக்கமாகப் போயிற்று. கீப்பர் பாய்ந்து பிடித்தான். அம்பயர், ஐயனார் கம்பெனியின் சேஃப்டி ஆபீசர், வைடு கொடுக்கக் கை எழாமல் வானத்தைப் பார்த்தார். கை தட்டல் நின்றுவிட்டது. காவல் இல்லாத மூன்று குச்சி, எதிரே ஒரு பர்ச்சேஸ் தலைவர், நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆறாவது பந்துக்குச் சார் இன்னும் தூரத்திலிருந்து ஓடி வந்தார். முகம் சிவந்திருந்தது. பந்து கையை விட்டபோதே வேறு ஜில்லாவுக்குப் போகிற பந்து என்று தெரிந்துவிட்டது. ஐயனார் அப்போது செய்ததுதான் யாரும் மன்னிக்காத காரியம். இரக்கப்பட்டான். இரண்டு அடி எட்டி, கையை முழுக்க நீட்டி, அந்தப் பந்தைப் பிடித்து இழுத்து வந்தது போல மட்டைக்கு அடியில் கொண்டுவந்து, மரியாதையாகத் தடுத்து, சார் காலடிக்கே உருட்டி விட்டான்.

கீப்பர் சிரித்துவிட்டான். அவன் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் ஆள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

பிரியாணி சாப்பிடும்போது ரகுபதி சார், யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல், "அந்தப் பையன் கிரிக்கெட்டையே கொன்னுடறான்பா. இப்படிப்பட்டவங்களாலதான் ஜனங்க மேட்ச் பாக்கறதில்ல," என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். புருஷோத்தமன் இரண்டு முறை.

புதன்கிழமை போர்டில் பெர்மனென்ட் லிஸ்ட் ஒட்டினார்கள். பிரவீன் பெயர் இருந்தது, வேல்ராஜ் பெயர் இருந்தது. ஐயனாரின் கான்ட்ராக்ட் அந்த மாசக் கடைசியோடு முடிகிறது, புதுப்பிக்கவில்லை. காரணம் என்ற கட்டத்தில் 'வேகம் போதாது' என்று எழுதியிருந்தது.

ஐயனார் புருஷோத்தமன் அறைக்குப் போய் நின்றான்.

"சார், நாப்பத்திரெண்டு செகண்டுல முடிச்சிருதேன். ஒரு பீஸ் திரும்பி வந்ததில்ல."

"அது லைன்ல," என்றார் புருஷோத்தமன்.

"அந்த ஆறாவது பந்த விட்டிருந்தா அவருக்குத்தான் சார் கேவலம். அவருக்காவத்தான் எட்டித் தடுத்தேன்."

"அது எல்லாருக்கும் தெரியும் ஐயனார். அதான் பிரச்சினையே." அவர் பார்வை மறுபடி கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. "ஷூவையும் யூனிஃபார்மையும் ஸ்டோர்ல குடுத்துட்டுப் போ."

சாயங்காலம் சுகப்பிரியாவுக்குப் போன் செய்தான். அவளுக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் கோவில்பட்டிக்குச் சொல்லி, கோவில்பட்டி அவளுக்குச் சொல்லியிருந்தது. அப்பா வேறு இடம் பேசிவிட்டார், வருகிற ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள், மாப்பிள்ளை அதே கம்பெனியில் நீலக் கயிறு, பேர் வேல்ராஜ் என்றாள்.

"நான் வேண்டாம்னு சொல்லணுமா, சரின்னு சொல்லணுமா?" என்றாள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் அப்பாகிட்ட நின்னு பேசிருவேன். சொல்லுங்க."

ஐயனார் கேட்டான்: "சாப்ட்டியா?"