மூக்குக்கு நேரே ஒரு பை

எலும்பையும் தோலையும் காய்ச்சிப் பசை எடுக்கிற ஆலையில் வேலை பார்த்தவனுக்கு மூக்கன் என்று பட்டப்பெயர் வைத்தவன் குசும்பு பிடித்தவனாகத்தான் இருக்க வேண்டும். மூக்கனுக்கு மோப்பமே கிடையாது. அவன் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அதே ஆலையில்தான் அது போயிற்று. சித்தப்பா, திரிந்துபோன பாலைக் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்ட மனுஷன்.

மூக்கன் பெண்டாட்டிக்கு விடுதிச் சலவைக்கூடத்தில் வேலை. கண்டவர்களும் படுத்தெழுந்த விரிப்புகளை விரித்துப் பார்க்காமல் மோந்தே பிரித்துப் போடுவாள். அந்த மூக்கை வைத்துக்கொண்டு அவள் இவனோடு குடும்பம் நடத்தினாள்.

வருஷா வருஷம் மூக்கன் கூட்டாளிகளோடு சைக்கிளில் கடற்கரைக்குப் போய்வருவான். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, இந்த வருஷம் பெண்டாட்டியும் கூடப் போவதாக இருந்தது. கடலை அவள் பார்த்ததே இல்லை. அதற்காகவே சைக்கிள் பழகி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். கிளம்புகிற வாரம், அவன் ஹேண்டில்பாரில் மாட்டுகிற பையைத் திறந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்துவிட்டாள்.

“இந்தப் பை வந்தா நான் வரலை. கடலும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

புதுப்பை வாங்கப் போனார்கள். அளவு பார்க்க வேண்டுமென்று அவன் பழையதையும் தூக்கிக்கொண்டு வந்தான்.

கடையில் அவள் ஒவ்வொரு பையாகத் திறந்து முகத்தை உள்ளே விட்டாள். ஒன்றில் ரப்பர் நாற்றம், இன்னொன்றில் எலிப்புழுக்கை நாற்றம்.

“அம்மா, பையைக் கண்ணால பார்த்து வாங்குங்கம்மா,” என்றார் கடைக்காரர்.

“நீங்க இவரோட குடும்பம் நடத்திப் பாருங்க. அப்புறம் பேசலாம்.”

மூக்கன் ஒரு பையைக் காட்டினான், வாயைச் சுருட்டி மூடுகிற வகை. “இதுல சொட்டுத் தண்ணி உள்ளே போகாது.”

“உள்ளே இருக்கிறதும் வெளியே போகாதே. வெயில்ல புழுங்கி, திறந்தா மூஞ்சியில அடிக்கும்.”

“சாமான் கொள்ளுதான்னு பார்ப்போம்,” என்று பழைய பையை மேஜைமேல் கவிழ்த்தான். சங்கிலி துடைத்த கந்தல், ஒற்றைக் காலுறை, அதற்குள்ளிருந்து கறுத்து வெடித்து ஏதோ கசிகிற உருண்டை ஒன்று.

கடைக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினார். “என்னய்யா அது?”

“அவிச்ச முட்டை. போன வருஷத்து. எங்க போச்சுன்னு தேடினேன்.” அதைச் சட்டைப்பையில் போடப்போனான். அவள் அவன் கையில் ஒரு போடு போட்டாள்.

கடைக்காரர் வாசலுக்கு ஓடிப்போய்க் குமட்டினார். மூக்கன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். “அவ்வளவா நாறுது?” என்று மெதுவாகக் கேட்டான்.

“இன்னைக்கா நாறுது?”

கடைசியில் உள்துணியைக் கழற்றித் துவைக்கிற மாதிரி ஒரு கித்தான் பையை எடுத்தாள். மோந்தால் ஒன்றுமே தெரியவில்லை. “இதை என் வண்டியில மாட்டுங்க. இவருக்குப் பை கிடையாது.”

“என் சாமானை எங்க வைக்கிறது?”

“கேரியர்ல கட்டிக்கிட்டு எனக்குப் பின்னால வாங்க.”

கடற்கரைக்கு அப்படியே போனார்கள். பின்னாலிருந்து காற்றடித்தபோதெல்லாம் அவனை முன்னால் விரட்டினாள். எதிர்காற்றில் பழையபடி பின்னால்.

கடைசி மேட்டில் ஏறினதும் கடல் தெரிந்தது. கரையில் பாசி அழுகிக் கிடந்தது, மீன்குடல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஆலை வாசலில் நிற்கிற மாதிரியே இருந்தது அவளுக்கு.

மூக்கன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டான். “எப்படி?”

அவள் பையின் மூடியைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த, சோப்பு மணக்கிற சலவைக்கூடத்துத் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்புறம் கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு வெகுநேரம் கடலைப் பார்த்தாள்.