கர்ட் கேட்டிருக்கிறான்

கணினி விழித்தெழும்வரை மார்லிஸ் டெட்மன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள். திரை வெளுத்ததும் முதல் கடிதம் தலை நீட்டும். “மார்லிஸ், நேற்று எனக்குத் தூக்கமே வரவில்லை.”

“ஏண்டா, என்ன ஆச்சு?” என்பாள், கையிலிருக்கும் கத்தியைக் கீழே வைக்காமலே.

தூக்கம் வராததற்குக் காரணம் அடுத்த வரியில் இருக்கும். எதிர்க்கட்சி தொலைக்காட்சி விளம்பரங்களை வாங்கிக் குவித்துவிட்டது. வேட்பாளர் விட்கம் அம்மையார் பின்தங்குகிறார். இன்று பொழுது சாய்வதற்குள் மார்லிஸ் மனம் வைத்துப் பணம் அனுப்பினால்தான் உண்டு. கீழே, கர்ட் டெட்மன், பிரச்சாரப் பொறுப்பாளர். அந்தப் பெயர்மீது ஒரு விரலை வைத்துக்கொண்டு மீண்டும் ஒரு முறை மேலிருந்து படிப்பாள். பிறகு ரொட்டி. பிறகு பதில்.

பதில் எழுதாமல் விடுவது அவளுக்கு வராது. அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே அந்தச் சிற்றூரில், ஒருவர் ஒன்று கேட்டால் இல்லையென்று வெடுக்கெனச் சொல்லும் வழக்கம் கிடையாது. முடியாததற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும், காரணத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், பிறகு வானிலை பற்றி இரண்டு வார்த்தை பேசவேண்டும். பள்ளிக்கூட அலுவலகத்தில் அவள் பார்த்த வேலையும் அப்படிப்பட்டது. காலையில் வராத பிள்ளைகளின் வீடுகளைத் தொலைபேசியில் அழைத்து, “பையனக் காணோமே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்று கேட்பது. எல்லா அம்மாக்களும் பதில் சொன்னார்கள்.

கர்ட்டின் கட்சி அவள் முகவரியை யார் யாருக்கோ கொடுத்திருக்கிறது. பார்த்தேயிராத மாநிலங்களிலிருந்து, பெயர் கேள்விப்படாத வேட்பாளர்களெல்லாம் கெஞ்சுகிறார்கள். அவர்களுக்கும் எழுதுகிறாள். அரிசோனாக்காரர் ஒருவருக்கு அவள் எழுதியது: “ஐயா, நான் இருப்பது விஸ்கான்சினில். உங்களுக்கு ஓட்டுப் போட எனக்கு வழியில்லை, மன்னிக்கவும். அங்கே வெயில் குறைந்ததா? இங்கே நேற்றே பனி எட்டிப்பார்த்தது.” அவர் மறுநாள் எழுதினார்: “மார்லிஸ், எத்தனை முறை எழுதினேன், உங்களிடமிருந்து ஒரு வார்த்தைகூட இல்லையே.” அன்று முழுக்க அவளுக்கு மனசு சரியில்லை.

கர்ட்டுக்கு எழுதும் பதில் மட்டும் வேறு மாதிரி. நீளமாகத் தொடங்குவாள், பாதியை அழிப்பாள், மிஞ்சுவது நான்கைந்து வரி. சாப்பிட்டாயா. குளிருக்கு நல்ல காலணி இருக்கிறதா. தோட்டத்து ஆப்பிள் மரம் இந்த வருஷமும் காய்த்தது. கடைசியில் வீட்டுத் தொலைபேசி எண். அந்த எண் கர்ட் பிறப்பதற்கு முன்பிருந்தே மாறவில்லை. சமையலறைச் சுவரில் வெளிறிய மஞ்சளில் தொங்கும் அந்தத் தொலைபேசியும் மாறவில்லை. ஆனாலும் போடுவாள்.

அனுப்பிய கணமே பதில் வந்துவிடும். “எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி. ஏராளமான கடிதங்கள் வருவதால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுத இயலவில்லை. நீங்கள் எங்களுக்கு மிக முக்கியமானவர்.”

“பாவம், வேலை ஜாஸ்தி,” என்று தட்டைக் கழுவப் போவாள்.

அவள் ஏமாளி இல்லை. ஆள் வைத்து எழுதுகிறார்கள், இயந்திரம் அனுப்புகிறது என்று அவளுக்குத் தெரியும். கர்ட் சின்ன வயதில் கோடை முகாமிலிருந்து போட்ட கடிதத்தில் மொத்தமே இரண்டு வரிதான் இருந்தது. ஒரு நாளைக்கு இத்தனை கடிதம் எழுதுகிற பிள்ளை இல்லை அவன். பக்கத்து வீட்டு லவோன் இதையே சொன்னபோது மார்லிஸ் சொன்ன பதில்: “எனக்குத் தெரியாதா? ஆனா கீழ அவன் பேருல்ல இருக்கு. யாரோ அவங்கிட்ட கேட்டுத்தானே போட்டிருப்பாங்க.”

முதல் கடிதம் அவளுக்கு வரவில்லை. அவள் கணவன் ஹார்லனுக்கு வந்தது. வீட்டுக்கே ஒரு மின்னஞ்சல் முகவரிதான், அதுவும் ஹார்லன் பெயரில். அவன் இறந்தபின் வந்த இரண்டாவது கோடையில், யாரும் கேட்காமலே, ஏதோ ஒரு பட்டியலில் அகப்பட்டு வந்து விழுந்தது. “அன்புள்ள ஹார்லன், உங்களைப் போன்றவர்களைத்தான் நம்பியிருக்கிறேன்.” கையெழுத்து, கர்ட் டெட்மன்.

ஹார்லன் அந்த மாவட்டத்தில், கர்ட்டின் கட்சிக்கு எதிரான கட்சிக்குத் தலைவனாக இருந்தவன். கார் கொட்டகையில் இன்னும் அவன் வாசலில் நடும் தேர்தல் பலகைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. கர்ட் மறுபக்கத்துக் கட்சியில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், நவம்பரில் குடும்பமாகக் கூடி வான்கோழி விருந்து உண்ணும் நன்றித் திருநாளன்று ஒரு புட்டி ஒயினோடு வந்தான். ஹார்லன் புட்டியைப் பார்த்தான். “அவனுங்க குடுத்த சம்பளத்துல வாங்கினதா? அப்ப அதையும் எடுத்துக்கிட்டு நீயும் கிளம்பு,” என்றான். கர்ட் அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தான். மார்லிஸ் எழுந்து வெண்ணெய் எடுத்துவரச் சமையலறைக்குப் போனாள். மேசையில் ஏற்கெனவே வெண்ணெய் இருந்தது. இரண்டாவது கிண்ணத்தோடு அவள் திரும்பி வந்தபோது அவன் நாற்காலி காலியாக இருந்தது.

ஹார்லனின் சாவுக்கு வந்தான். தேவாலயத்தில் கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றான். கீழ்த்தளத்தில் சாப்பாடு போட்டபோது மார்லிஸ் அவனுக்கென்று பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் எலுமிச்சை இனிப்பும் ஒரு தட்டில் எடுத்து மூடி வைத்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவராக அவள் கையை விட்டபோது கார் நிறுத்துமிடத்தில் அவன் கார் இல்லை. கைபேசி எண்ணையும் மாற்றிவிட்டிருந்தான்.

அந்தக் கோடைக் கடிதத்தில் அலுவலக எண் இருந்தது. அழைத்தாள். எடுத்தவள் சின்னப் பெண், குரலில் அத்தனை மரியாதை.

“கர்ட் டெட்மன் இருக்காரா?”

“கூட்டத்துல இருக்காரும்மா. யாரு பேசறதுன்னு சொல்லட்டும்?”

அம்மா என்று சொல்லலாம். சொன்னால் இந்தப் பெண் என்ன நினைப்பாள்? பெற்ற தாய்க்கு எண் கொடுக்காதவன் என்று அவனை அந்த அலுவலகத்தில் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்களா? “ஒண்ணுமில்ல, நல்லா வேலை செய்றீங்கன்னு சொல்லலாம்னு கூப்பிட்டேன்,” என்றாள் மார்லிஸ்.

“எவ்ளோ நல்ல மனசு உங்களுக்கு. இவ்ளோ தூரம் கூப்பிட்டிருக்கீங்க, உங்களால முடிஞ்சத ஒரு சின்னத் தொகையா...”

அந்தப் பெண் கேட்டுவிட்டாள். இல்லையென்று எப்படிச் சொல்வது? கணினியில் கட்டுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, சொன்னபடியே கட்ட உட்கார்ந்தாள். பெயர், ஊர், தெரு. பணம் கொடுப்பவர் என்ன தொழில் செய்கிறார் என்று எழுதியே ஆகவேண்டும், சட்டம் அப்படி. தொழில் என்ற கட்டத்தின் முன் மார்லிஸ் வெகுநேரம் இருந்தாள். வாய் சொல்லாமல் விட்டதை விரல்கள் அடித்தன: கர்ட்டின் அம்மா.

யாராவது பார்ப்பார்கள், அவனிடம் போய்ச் சொல்வார்கள் என்று ஒரு வாரம் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உருளைக்கிழங்கு உரித்தாள். வந்தது மின்னஞ்சல். “மார்லிஸ், உங்கள் தொழில் விவரம் தெளிவாக இல்லை. தயவுசெய்து சரிபார்த்து அனுப்பவும்.” அவள் எழுதினாள்: “சரியாகத்தான் இருக்கிறது.”

அன்றிலிருந்துதான் கடிதங்களில் ஹார்லன் போய் மார்லிஸ் வந்தாள். பத்துக் கடிதம் வந்தால் ஒன்றுக்குப் பணம் அனுப்புவாள். “என்ன பண்றது, கர்ட் கேட்டிருக்கான்,” என்பாள், எதிரே யாரும் இல்லாவிட்டாலும்.

ஒரே ஒரு கடிதத்தை மட்டும் அச்செடுத்துக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். அக்டோபரில் வந்தது. “என் அம்மா சொல்வார்: கேட்கிறதானால் ஒரு தடவை கேள், வாசலில் நின்று கெஞ்சாதே. இன்று அம்மா பேச்சை மீறி இரண்டாவது தடவை கேட்கிறேன்.” சாரணர் படைக்காக வீடு வீடாகச் சோளப்பொரி விற்கப் போன கர்ட்டுக்கு, கழுத்துத் துணியைச் சரிசெய்தபடி அவள் சொன்ன வார்த்தைதான் அது. எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. வேலைக்கு வைத்த எந்த எழுத்தாளனுக்கும் தெரியாது.

அந்த ஊரில் வெள்ளிக்கிழமை என்றால் பொரித்த மீன். லவோனும் அவள் கணவன் ராஜரும் மார்லிஸும் ஒரே மேசையில், அதே ஜன்னலோரம். யார் எந்த வேட்பாளருக்குப் பணம் கொடுத்தார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் பெயரைத் தட்டிப் பார்ப்பது நிறையப் பேருக்குப் பொழுதுபோக்கு. தேர்தலுக்கு முந்திய வெள்ளியன்று லவோன் மீனைப் புரட்டிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“என் மருமகன் ஒண்ணு காட்டினான், மார்லிஸ். உம் பேரு அதுல இருக்கு. அந்தக் கட்சிக்குப் பணம் குடுத்தவங்களோட.”

“மீன் ஆறுது, லவோன்.”

“ஹார்லன் மட்டும் இருந்திருந்தா...”

“இருந்திருந்தா அவனேதான் பதில் போட்டிருக்கணும். அவம் பேருக்குத்தானே முதல்ல வந்துச்சு.”

ராஜர் சிரித்தான். “அப்ப வாசல்ல எந்தப் பலகைய நடப்போற? வடக்குப் பக்கம் ஒண்ணு, தெக்குப் பக்கம் ஒண்ணா?”

“நீ வந்து பனி தள்ளிக் குடு, உம் மூஞ்சிய வரைஞ்சே ஒண்ணு நடறேன்,” என்றாள் மார்லிஸ்.

“ஓட்டாவது நம்ம பக்கமா, இல்ல அதுவும் போச்சா?”

“பணம் கர்ட்டுக்கு. ஓட்டு ஹார்லனுக்கு. ரெண்டு பேரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கக்கூடாது.”

ராஜர் பிராந்தி வாங்கிவர எழுந்து போனான். லவோன் குரலைத் தாழ்த்தினாள். “தொழில்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதையும் படிச்சேன்.” பிறகு தன் தட்டிலிருந்த சாஸ் கிண்ணத்தை மார்லிஸ் பக்கம் நகர்த்தி வைத்தாள். மார்லிஸுக்கு அது எப்போதும் இரண்டு வேண்டும்.

விட்கம் தோற்றார். வித்தியாசம் கொஞ்சம்தான் என்று வானொலி சொன்னது. மார்லிஸ் வானொலியை அணைத்துவிட்டு, சொன்னபடி தான் ஹார்லனுக்காகப் போட்டுவந்த ஓட்டைப் பற்றிச் சற்று யோசித்தாள். மறுநாள் கர்ட்டிடமிருந்து வந்தது. “மார்லிஸ், இது என் கடைசிக் கடிதம். நீங்கள் செய்ததை மறக்கமாட்டேன். இனி வீட்டுக்குப் போய்க் குடும்பத்தோடு இருக்கப்போகிறேன்.”

அதை லவோனைக் கூப்பிட்டுக் காட்டினாள். லவோன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள். “தோத்தவங்க எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க, மார்லிஸ். எந்தக் குடும்பம்னு போடலியே.”

“போடலதான்,” என்று ஒப்புக்கொண்டாள் மார்லிஸ். ஆனாலும் கசாப்புக் கடையில் வான்கோழிக்குச் சொல்லிவைத்தபோது, தனி ஆளுக்கு இது எதற்கு என்று கடைக்காரன் கேட்குமளவுக்குப் பெரிதாகச் சொன்னாள். மிச்சமானா சூப் வெச்சுக்குவேன் என்று அவனிடமும் ஒரு காரணம் சொன்னாள்.

மான் வேட்டைக்காலம் தொடங்கிவிட்டது. ஆரஞ்சு மேலங்கி போட்ட ஆண்கள் வண்டிகளில் காட்டுப்பக்கம் போகிறார்கள். வண்டிச் சத்தம் கேட்டால் மார்லிஸ் திரைச்சீலையை விலக்கிப் பார்க்கிறாள், மூடுகிறாள். நன்றித் திருநாள் இந்த வியாழன்.

காலையில் வழக்கம்போல் ரொட்டி, வெண்ணெய், கணினி. கர்ட் இல்லை. அவன் விட்டுப்போன பட்டியல் கெல்சி என்கிற ஒருத்தியின் கைக்குப் போயிருக்கிறது. வேறு வேட்பாளர், அடுத்த தேர்தல். “மார்லிஸ், கர்ட் உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார். உங்களை நம்பலாம் என்றார்.”

மார்லிஸ் அதைப் படித்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படித்தாள். பிறகு இரண்டு ஆட்காட்டி விரல்களாலும் எழுத்தெழுத்தாக அடித்தாள்.

“அன்புள்ள கெல்சி, என்ன சொன்னான்?”

அடியில் வீட்டு எண்ணைப் போட்டாள். அனுப்பினாள். நன்றி தெரிவிக்கும் பதில் அந்தக் கணமே வந்து விழுந்ததை அவள் பார்க்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டிருந்தாள். சுவரிலிருந்து தொலைபேசி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, இணைப்பு இருப்பதைச் சொல்லும் அந்த ரீங்காரம் கேட்கிறதா என்று பார்த்தாள். கேட்டது. சத்தம் வராமல் திரும்ப மாட்டினாள்.