மீன் வளர்க்கிறவர்களை மேய்த்த கதை

வண்ணமீன் வளர்ப்போரின் ஆன்லைன் குழுவுக்கு அட்மினாக இருப்பதென்றால், மீனைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பஞ்சாயத்து பண்ணுவது என்று பொருள். எனக்குப் பிழைப்பு அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை; சாப்பாட்டு இடைவேளையில் இந்த வேலை. ஏதாவது ஒரு குழுவில் அட்மினாக மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும்.

ஒரு வார்த்தை மனிதர்

யார் என்ன சந்தேகம் கேட்டாலும் மேனாம்பேடு தனசேகர் ஒரே வார்த்தையில் பதில் போடுவார். "தப்பு." "வேணாம்." "மாத்து." பதில் சரியாகத்தான் இருக்கும், கேட்டவருக்கோ மூஞ்சியில் அறைந்த மாதிரி இருக்கும். திமிர் பிடித்த ஆள், தூக்குங்கள் என்று எனக்கு ஏகப்பட்ட புகார். தூக்குவதற்கு முன்னால் ஆளைப் பார்த்துவிடலாமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.

வாசலிலேயே பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. டீ டம்ளரை நீட்டியபோதுதான் கவனித்தேன், வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. பிரஸ் மெஷினில் போனதாம். "மூணு எழுத்து அடிக்கறதுக்குள்ள மூச்சு வாங்குது தம்பி" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. குரல் பதிவு அனுப்ப அப்போதே சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். மறு வாரமே அடுத்த புகார்: "அட்மின் சார், ஒரு கேள்விக்குப் பதினோரு நிமிஷம் பேசறாரு. பழையபடி ஒரே வார்த்தையில சொல்லச் சொல்லுங்க!"

ஆவடி கோல்டு ஃபிஷ்

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு பெண், சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் சாய்ந்து கிடந்த கோல்டு ஃபிஷ்ஷின் படத்தைப் போட்டு, "என்ன செய்வது?" என்று கேட்டிருந்தார். கிண்ணத்தில் வளர்ப்பது கொலை, உங்களுக்கெல்லாம் எதற்கு மீன் என்று வரிசையாகப் பொரிந்து தள்ளினார்கள். நான் பார்ப்பதற்குள் அவர் குழுவை விட்டே போயிருந்தார்.

தனியாகச் செய்தி அனுப்பினேன். பெரிய டப்புக்கு மாற்றுங்கள், தினமும் பாதித் தண்ணீர் மாற்றுங்கள், இரண்டு நாள் தீனி போடாதீர்கள். நாலாம் நாள், மீன் நிமிர்ந்து நீந்தும் வீடியோ வந்தது. மறுபடி சேர்ந்துகொள்ளுங்களேன் என்று கூப்பிட்டேன். அவர் எழுதிய பதிலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்: "மீன் எப்படிப் பிழைக்கும்னுதான் சார் கேட்டேன். நான் எப்படிப்பட்டவள்னு பன்னிரண்டு பேர் சொன்னாங்க."

பாடி மேம்பாலத்துக்குக் கீழே

தொட்டித் தண்ணீரை முழுசாக மாற்றுவதா, மூன்றில் ஒரு பங்கா? இதில் இரண்டு பேருக்கு வாக்குவாதம் முற்றி, "தைரியம் இருந்தா சாயங்காலம் ஆறு மணிக்குப் பாடி மேம்பாலத்தாண்ட வாடா" வரைக்கும் வந்துவிட்டது. போன் போட்டால் இரண்டு பேருமே எடுக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் ஆட்டோ பிடித்து ஓடினேன். யாருக்காவது மண்டை உடைந்தால் அட்மின்தானே பதில் சொல்ல வேண்டும்?

டீக்கடையில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் மடியில், இன்னொருவர் கொண்டுவந்து கொடுத்த கப்பி மீன் பை. "என்னய்யா இது?" என்றேன். இருவரில் வயதில் பெரியவர் வாயில் பஜ்ஜியோடு சொன்னார்: "இன்னா பண்றது அண்ணாத்தே, மூஞ்சியப் பாத்தா திட்டவே வர்ல!"

பேசாதவர்

நெடுநாளாக ஒரு வார்த்தைகூட எழுதாதவர்களை நீக்கப்போவதாக ஒருமுறை அறிவித்தேன். திருவேற்காட்டில் ஷேர் வேன் ஓட்டுகிற ஒருவர் உடனே போன் பண்ணினார். சேர்ந்த நாளிலிருந்து எதுவும் எழுதாதவர். நான் எடுத்ததுமே கேட்டார்: "நான் இன்னா தப்பு பண்ணேன் நைனா? எல்லாத்தையும் படிச்சிகினுதான் கீறேன். ஒர்த்தர்கிட்டயும் சண்டை போடல, அதுக்கா தூக்கறே?"

ஒரு தொட்டியில் எத்தனை மீன் சண்டையில்லாமல் வாழும் என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவேன். ஒரு குழுவில் எத்தனை மனிதர் என்பதற்குத்தான் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.