இரண்டு குளோரின் மட்டும்

ஆராய்ச்சிக்கூடத்தில் நான் சேர்ந்த அன்று, என் கையிலிருந்த குடுவையை ஒருவர் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"இப்பதான் கழுவினியா? ஈரத்தோட என் மேஜைப் பக்கம் கொண்டு வராதே தம்பி."

கூடமே 'அக்கா' என்று அழைத்தவர் எனக்கு அறிமுகமானது அப்படித்தான். எங்கள் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி என்ற மிதப்போடு போன எனக்குக் கிடைத்த முதல் வேலை, அவருடைய குடுவைகளை அடுப்பில் உலர்த்துவது.

அக்கா பள்ளி ஆசிரியை. முனைவர் பட்டத்துக்காக நீண்ட விடுப்பில் வந்திருந்தார். பாஸ்பரசும் நைட்ரஜனும் மாறி மாறிக் கைகோத்த ஆறு அணு வளையம்தான் அவருடைய உலகம். பாஸ்பரசுக்கு இரண்டாக அதில் ஆறு குளோரின்கள். இரண்டை மட்டும் கழற்றி, வேறு மூலக்கூறுகளைப் பற்றக்கூடிய இரண்டு கைகளை மாட்ட வேண்டும். மாட்டிவிட்டார். ஆனால் இரண்டும் ஒரே பாஸ்பரசிலா, வெவ்வேறிலா? நல்ல படிகம் ஒன்று கிடைத்தால்தான் எக்ஸ்ரேயில் தெரியும். விடுப்பு முடிவதற்குள் அது தெரியாவிட்டால் ஆய்வேடு அந்தரத்தில் நிற்கும்.

ஒருநாள் காலை குடுவைக்குள் ஊசி ஊசியாகப் படிகங்கள். அக்கா கூடத்திலிருந்த எல்லாரையும் கூப்பிட்டுவிட்டார். "உங்க பொண்டாட்டி ஜெயிச்சாச்சு!" என்று வீட்டுக்கும் போன் போட்டார்.

சாயங்காலம் எக்ஸ்ரே அறை அண்ணன் வந்தார். "ஏம்மா, பாஸ்பரஸ் பாஸ்பரஸ்னு குதிச்சியே, இதுல அது மருந்துக்குக்கூட இல்ல. வெறும் அமீன் உப்பு."

கழன்ற குளோரினைப் பிடிக்க ஊற்றும் அமீன் என்ற காரம் கடைசியில் உப்பாகிவிடும். அதை நாங்கள் தண்ணீரில் அலசிப் போக்குவோம். மிச்ச நான்கு குளோரினும் போய்விடுமோ என்று பயந்து அக்கா தண்ணீரையே அண்டவிடவில்லை. வடிகட்டியதில் தப்பித்த உப்புதான் அப்படி மினுக்கியிருக்கிறது.

"உப்பு அக்கா!" என்றோம்.

"சிரிங்கடா, சிரிங்க. உப்பானாலும் என்ன அழகு பாத்தீங்களா?"

"சமையலுக்கு ஆகுமா?" என்றாராம், போனில் செய்தி கேட்ட வீட்டுக்காரர். "உங்க தட்டுல மட்டும் போடறேன்" என்று அக்கா போனை வைத்தார்.

பிறகு டீ குடித்துக்கொண்டே குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசிகளுக்கு அடியில் பிசின்போல ஏதோ ஒட்டியிருந்தது. "அட, நம்மாளு இங்கதான் ஒளிஞ்சிருக்கான்!"

எல்லாவற்றையும் டொலுவீன் என்ற கரைப்பானில் கலக்கினார். வளையம் கரைந்தது. உப்பு கரையாமல் அடியில் தங்கியது. வடித்துக் குளிர்பெட்டியில் வைத்து, "கதவத் திறக்கறவன் கைய ஒடிப்பேன்" என்றார்.

இம்முறை வந்தவை கோணல்மாணலான சின்னத் துண்டுகள். அக்கா யாரையும் கூப்பிடவில்லை. ஒரு துணுக்கைத் தண்ணீர்ச் சொட்டில் போட்டுப் பார்த்தார். உப்பென்றால் உடனே கரைந்திருக்கும். அது அப்படியே கிடந்தது. மற்றொன்றை எக்ஸ்ரேக்கு அனுப்பினார்.

"இருக்கும்மா, வளையம் இருக்கு! ரெண்டு கையும் ஒரே பாஸ்பரஸ்ல" என்று அண்ணன் கத்திக்கொண்டே வந்தார்.

"தனித்தனியா இருக்கும்னுல்ல நெனச்சேன்" என்றார் எங்கள் ஆய்வு வழிகாட்டியான சார்.

"நானும்தான் சார்" என்றார் அக்கா. முகமெல்லாம் சிரிப்பு.

விடுப்பு முடியுமுன் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டார். இப்போது முனைவராக அதே பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறார். சனிக்கிழமைகளில் கூடத்துக்கு வந்து, மிச்ச நான்கு குளோரின்களோடு மல்லுக்கட்டுகிறார்.