கையில் துடித்த பிரேக்

அப்பா பெங்களூரில் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்தார். மாதத்துக்கு ஒருமுறை, சில மாதங்களில் அதுவும் இல்லை, சனிக்கிழமை சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் அரூருக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு வருவார். ஞாயிறு மத்தியானம் சோறு தின்ற கையோடு கிளம்பிவிடுவார். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் அந்த வண்டியின் முன் பிரேக் கெட்டுப்போனது. சின்ன வயதில் நான் சந்தோஷமாக இருந்த வாரம் எது என்று யாராவது கேட்டால் அந்த வாரத்தைத்தான் சொல்வேன்.

கெட்டது இப்படி. அம்மா பிறந்த ஊர் சித்தேரி மலையில். அங்கே திருவிழாவுக்குப் போய்விட்டு மூவரும் ஒரே வண்டியில் இறங்கினோம். இறக்கத்தில் பெட்ரோல் எதற்கு என்று அப்பா என்ஜினை அணைத்துவிட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கைப் பிடித்தபடியே வந்தார். மலையிலிருந்து பத்திரமாக இறங்கிய வண்டிக்கு அடிவாரத்தில் கால் கழுவிவிடுவது அம்மா வீட்டாரின் வழக்கம். அம்மா குழாயடியில் சொம்பு நிறையத் தண்ணீர் பிடித்து வந்து, முன் சக்கரத்தின் நடுவில் பளபளத்த பிரேக் டிஸ்க் தட்டின்மேல் பயபக்தியோடு ஊற்றினாள். சுர்ரென்று ஆவி எழும்பியது. நான் கைதட்டிச் சிரித்தேன். தடுக்க நீட்டிய கையை அப்பா அப்படியே தன் தலைக்குக் கொண்டுபோய்த் தடவிக்கொண்டார். அம்மா குங்குமமும் வைத்துவிட்டுத்தான் ஏறினாள்.

மறுநாள் பெங்களூருக்குக் கிளம்பிய அப்பா தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார்.

“பிரேக்கு புடிச்சா கையில துடிக்குது. இத வெச்சிக்கிட்டு ஓசூர் ரோட்டுல லாரிங்க நடுவுல எப்படிப் போறது?”

வாசலில் நின்று மேஸ்திரிக்குப் போன் போட்டார். “இல்லீங்க மேஸ்திரி, வண்டி சரியில்லீங்க... பஸ்ஸுல வந்துரலாம், அங்க சைட்டுக்குச் சைட்டு எதுல போறதுங்க? பாத்துட்டு வந்தர்றேனுங்க.”

வண்டி சரியாகும்வரை அப்பா வீட்டில் இருப்பார். எனக்கு விளங்கியது அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

அன்று சாயங்காலம் என்னை டேங்க்கின்மேல் உட்கார வைத்து ஏரிக்கரை ரோட்டில் ஓட்டினார். பிரேக் லீவரில் என் விரல்களை வைத்து, அவற்றின்மேல் தன் விரல்களை வைத்து அழுத்தினார். “தெரியுதா?” தெரிந்தது. கோழிக்குஞ்சை மூடிப் பிடித்தால் உள்ளங்கையில் அடித்துக்கொள்ளுமே, அது மாதிரி. வண்டியின் வேகம் குறையக் குறையத் துடிப்பும் விட்டு விட்டு வந்தது. நின்ற பிறகும் அப்பா கையை எடுக்கவில்லை. சிமெண்ட் தின்ற அந்த விரல்களின் சொரசொரப்பு இன்றைக்கும் என் கையில் இருக்கிறது.

காலையில் பின் சக்கரத்தைக் கழற்றினார். அம்மா புளி உடைத்துக்கொண்டே பார்த்தாள்.

“முன்னாடி கையில துடிக்கிறதுக்குப் பின்னாடி சக்கரத்தக் கழட்டறீங்களே, என்னாங்க கணக்கு இது?”

“எல்லாத்தையும் பாக்கணும்மே.”

அதைத் துடைத்து மாட்டவே பொழுது போனது. அடுத்த நாள் டயர். அதற்கடுத்து முன் சக்கரத்தின் பேரிங். எனக்குப் பாடமும் நடந்தது. “புடிக்காதப்பவும் ஹேண்டில் ஆடுனா டயரு, இல்ல பேரிங்கு. புடிக்கிறப்ப மட்டும் துடிச்சா பிரேக்கு.”

நான் நன்றாகப் படிக்கிற பையன். “புடிக்கிறப்ப மட்டுந்தாம்பா துடிக்குது” என்றேன்.

“அப்படிச் சட்டுனு சொல்லிரக் கூடாதுரா” என்றார் அப்பா.

தினமும் டெஸ்ட் என்று சொல்லி என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டார்; டெஸ்ட் என்று சொல்லியே கூட்டி வந்தார். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலிருந்த இங்கிலீஷ் எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். டி, ஓ, டி என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியாது. அப்பா மட்டும் ரொம்ப நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். ராத்திரி சாமி படத்தின் முன்னால், பிரேக் சரியாகக் கூடாது என்று கும்பிட்டுவிட்டுத்தான் நான் படுப்பேன்.

பிறகு மேஸ்திரியே போன் செய்தார். வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருக்க வேண்டும். “வந்தர்றேனுங்க” என்றார் அப்பா. போனை வைத்ததும் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினார். அதன் முனை டிஸ்க்கை ஒட்டி நிற்கும்படி ரப்பர் பேண்டால், சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் கம்பியில் கட்டினார். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, “சுத்துடா” என்றார். நான் சுற்றினேன். தட்டு ஈர்க்கைத் தொடாமல் வந்து, ஒரு இடத்தில் மட்டும் டிக்கென்று தட்டியது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில். அங்கே சாக்பீஸால் கோடு போட்டார்.

“தட்டு கோணிக்கிச்சி. வேற மாத்தணும்.”

அடுப்பில் வைத்த பால் இன்னும் பொங்கவில்லை. அதற்குள் சோதனை முடிந்துவிட்டது.

“இத மொதல்லயே பாத்திருக்கலாமில்லீங்க” என்றாள் அம்மா.

“பாத்திருக்கலாம்.”

அவள் குனிந்து சாக்பீஸ் கோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “நான் தண்ணி ஊத்துனதாலங்களா?”

“இல்ல. எறக்கம் பூரா நாந்தான புடிச்சிக்கிட்டே வந்தேன். தட்டும் பழசு.”

அரூரில் புது டிஸ்க் போட்டுக்கொண்டு வந்தார்கள் அப்பாவும் வண்டியும். ஏரிக்கரையில் என் விரல்களை லீவரில் வைத்து அழுத்தினார். வண்டி அலுங்காமல் நின்றது. கைக்குள் ஒன்றுமே இல்லை.

விடிந்ததும் கிளம்பினார். அம்மா வாசலில் நின்றாள். நான் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு, அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் வண்டியின் பின்னால், பிரேக் பிடித்தால் எரியும் சிவப்பு விளக்கு எரிந்தது. சரி, திருப்பம். எங்கள் வாசலிலிருந்தே தெரியும் ஏரிக்கரையில் ஏறியதும் மறுபடி எரிந்தது. அது நேர் ரோடு. ஆடு மாடு கூட இல்லை. கொஞ்ச தூரம் போய் இன்னொரு தரம் எரிந்து, அணைய நேரமானது.

“அம்மா, பிரேக்கு இன்னும் சரியாவல. அப்பா புடிச்சிப் புடிச்சிப் பாக்கறாரு பாரு. திரும்பி வந்துருவாரு.”

அம்மா என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். சரியாக இருந்த காலரை.

இப்போது நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டை விட்டு அதே ரோட்டில் கிளம்புகிறவன். காலியான ரோட்டில் ஒருவர் எதற்காக பிரேக் பிடிப்பார் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. டெஸ்ட் முடிந்து வண்டி திரும்பும், என்னைப் பள்ளிக்கூடத்தில் விடும் என்று, பள்ளிக்கூட மணியடித்த பிறகும் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.